உல்மெ மொழியில் சாவுக்குச் சொல் இல்லை

ஒரு மொழியோடு முப்பது வருடம் ஒரே கட்டிலில் படுத்து எழுந்தும், அதில் ஒரு சொல்லைக்கூடத் தன் மண்டைக்குள் விடாமல் காத்துக்கொண்டவள் ஐரோப்பாக் கண்டத்திலேயே தான் ஒருத்திதான் என்று லிபுஷெ அறிவித்தாள். அறிவித்தபோது அவளுடைய இடது கை ஒரு கறுப்பு ஷூவுக்குள் இருந்தது. வலது கை பிரஷ்ஷைப் பிடித்து அதன் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தது. ஷூ அவள் கணவன் ஹினெக்குடையது. ஹினெக்கை அன்று மதியம் எரிக்கப் போகிறார்கள்.

"பெருமைப்பட வேண்டிய விஷயம்தான் அண்ணி," என்றாள் யார்மிலா. அவள் ஹினெக்கின் தங்கை. சமையலறை மேசையில் ரொட்டித் துண்டுகளைப் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் ஹாம், முட்டை, ஊறுகாய் வெள்ளரி என்று அடுக்கிக்கொண்டிருந்தாள். "ஷூவை விடுங்க, தோலு பிஞ்சிடப் போகுது."

"பிஞ்சா பிஞ்சிட்டுப் போகுது. இன்னிக்கு ஒரு நாள்தானே போடப் போறாரு."

"அந்த ரெண்டு பேரும் வருவாங்கல்ல?"

"வரட்டும். செக் மொழியில அழுதுட்டுப் போகட்டும். அந்தக் கருமத்துல ஒரு வார்த்தை என் காதுல விழுந்துச்சு, மண்டபம்னுகூடப் பாக்க மாட்டேன்."

அந்தக் கருமத்தின் பெயர் உல்மெ. ஹினெக், செக் நாட்டு ப்ஷெரோவ் நகரத்து நில அளவை அலுவலகத்தில் மற்றவர்களின் வேலிச் சண்டைக்குக் கோடு போட்டுக் கொடுப்பவராக இருந்தார். பகலெல்லாம் இருக்கிற நிலத்தை அளந்துவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து இல்லாத ஒரு பள்ளத்தாக்கை வரைந்தார். பள்ளத்தாக்கு வந்ததும் அதில் ஜனங்கள் வந்தார்கள். ஜனங்கள் வந்தால் வாயை மூடிக்கொண்டா இருப்பார்கள்? அவர்களுக்கு ஒரு மொழி வேண்டியிருந்தது. அந்த மொழி ஐரோப்பாவில் எந்த மொழிக்கும் அக்கா தங்கையாகவோ ஒன்றுவிட்ட சித்தி மகளாகவோ இருக்கக் கூடாது என்று ஹினெக் தீர்மானித்தார். பாஸ்க் மொழி அப்படித்தான் சொந்தபந்தம் இல்லாமல் தனியாக நிற்கிறது. தனக்கு ஒரு துணை வேண்டும் என்று அது ஹினெக்கிடம் மனுப் போட்டதாகத் தெரியவில்லை.

இப்படித்தான் அந்த வீட்டில் சூப் ஆறிப்போக ஆரம்பித்தது. கரண்டியைப் பாதி தூக்கிய நிலையில் ஹினெக்குக்கு ஒரு சொல் உதிக்கும். உடனே எழுந்துபோய் அலமாரியில் இருக்கும் அகராதிகளைப் புரட்டுவார். பின்லாந்துக்காரனிடம் இருக்கிறதா, அல்பேனியனிடம் இருக்கிறதா, வேல்ஸ்காரன் ஏதாவது உரிமை கொண்டாடுவானா. எங்கேயாவது ஒரு சாயல் தெரிந்தால் சொல் குப்பைக்குப் போகும். சூப்புக்கு அவர் செய்த முதல் சொல், வடக்கே ஏதோ ஒரு மொழியில் வாளிக்கு உள்ள சொல்லைப் போல ஒலித்ததால் செத்தது. அடுத்த சொல் கிடைக்க இரண்டு குளிர்காலம் ஆனது. சூப்புக்குச் சொல் இல்லாத அந்தக் காலத்தில் அவர் சூப்பைக் குறைத்துக் குடித்தார் என்று யாரும் சொல்ல முடியாது.

இலக்கணமும் இருந்தது. உல்மெயில் பெயர்ச்சொற்கள் இரண்டே சாதி. திருப்பிக் கொடுக்கக்கூடியவை, திருப்பிக் கொடுக்க முடியாதவை. குடை, கோழி, வீடு, நாற்காலி எல்லாம் முதல் சாதி. பல், குடும்பப் பெயர், மழை, மனைவி ஆகியவை இரண்டாம் சாதி. இது தெரியவந்த வாரம் லிபுஷெ அவரோடு பேசவில்லை.

"பல்லோட சேத்து வச்சிருக்காரு என்னை," என்று மாடிப்படியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். "பல்லுகூடப் பரவாயில்ல, விழுந்தா புதுசு கட்டிக்கலாம்."

இதையெல்லாம் அவள் கற்றுக்கொண்டாள் என்று நினைத்துவிடக் கூடாது. அடுக்குமாடி வீட்டுச் சுவர் மெல்லியது, காதுக்கு மூடி கிடையாது. அவ்வளவுதான்.

ஆனால் அவளுக்கு உண்மையிலேயே பொறுக்காதது வாசல் சமாசாரம்தான். அவர் வரைந்த உல் பள்ளத்தாக்கில் ஒருவர் வீட்டை விட்டுக் கிளம்பும்போது கிளம்புகிறவர் வாய் திறக்கக் கூடாதாம். இருக்கிறவர்தான் சொல்ல வேண்டும். "தாஷெலூ." வழி உன்னுடையது, வாசல் என்னுடையது என்று அதற்குத் தோராயமாக அர்த்தம். அது சொல்லப்படும்வரை கிளம்புகிறவர் வாசலைத் தாண்டுவதில்லை. இல்லாத ஜனங்களின் இந்த வழக்கத்தை ஹினெக் ப்ஷெரோவில், நான்காவது மாடியில், இருக்கிற ஒரு பெண்ணிடம் அமலுக்குக் கொண்டுவரப் பார்த்தார்.

வியாழன்தோறும் மாலையில் உல்மெக்காரர்கள் எவ்ஷெனின் கால்நடை ஆஸ்பத்திரியில் கூடுவார்கள். எவ்ஷென் மாட்டு வைத்தியர். இன்னொருவன் லுபோர், வரி அலுவலகம். மூன்று பேர். அதுதான் அந்த மொழியின் மொத்த ஜனத்தொகை. கிளம்பும் நேரத்தில் ஹினெக் கோட்டைப் போட்டு, ஷூவை மாட்டி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். பேச மாட்டார். லிபுஷெயைப் பார்ப்பார்.

"குப்பையை எடுத்துட்டுப் போங்க," என்பாள் லிபுஷெ.

அவர் இன்னும் கொஞ்சம் நிற்பார். படிக்கட்டு விளக்கு தானாக அணையும் வகை. அது அணையும். அவர் கையை நீட்டிப் பொத்தானை அழுத்தி மறுபடி எரியவிடுவார். பிறகு குப்பைப் பையை எடுத்துக்கொண்டு இறங்குவார்.

"பிஸ்கட்டுக்கு நிக்கிற நாய் தோத்துது போங்க," என்று லிபுஷெ பிறந்தநாள் விருந்துகளில் அவர் நிற்பதை நடித்துக் காட்டுவாள். தலையை ஒரு பக்கம் சாய்த்து, கையைத் தொங்கவிட்டு. எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். ஹினெக்கும் சிரிப்பார். அடுத்த வியாழன் அதேபோல் நிற்பார்.

ஷூவில் முகம் பார்க்கலாம் போல ஆனதும் லிபுஷெ அதை ஒரு துணியில் சுற்றினாள்.

*

"ஷூ வேண்டாங்க," என்றார் எரியூட்டு மண்டபத்து ஊழியர். கறுப்புக் கோட்டு, கறுப்பு டை, சாந்தமே தொழிலாகிப்போன முகம். துணியைப் பிரித்துப் பார்த்து, ஷூவைத் திருப்பி அதன் அடியை விரலால் சுரண்டினார். "ரப்பர் அடி. உள்ள விடமாட்டாங்க. புகை."

"முப்பது வருஷம் ரோட்டுல பஸ் விட்ட புகைக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. என் புருஷன் ஷூ புகைஞ்சாதான் ஊரு கெட்டுப்போயிடுமா?"

"விதிமுறைங்க."

"அப்ப வெறுங்காலோட போவாரா?"

"சாக்ஸ் போட்டிருக்கோம்."

"நவம்பர் மாசம்," என்றாள் லிபுஷெ.

ஊழியர் ஒரு பையைத் தேடினார். ஹினெக் போகிற இடத்தின் வெப்பநிலையை எடுத்துச் சொல்ல அவருக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டிருக்காது. ஷூ ஒரு பிளாஸ்டிக் பையில் அவள் கைக்கே திரும்பி வந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் எவ்ஷெனும் லுபோரும் மலர்வளையத்தோடு வந்தார்கள். எவ்ஷென் கன்றுக்குட்டியைத் தூக்கித் தூக்கி அகலமான ஆள். லுபோர் அவர் நிழலில் ஒதுங்கும் அளவு. மலர்வளையத்தில் ஒரு வெள்ளை நாடா. நாடாவில் தங்க எழுத்தில் ஒரு வரி. செக் எழுத்துதான், செக் மொழி இல்லை.

லிபுஷெ அதை வாங்கி, நாடா சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள்.

"அண்ணி," என்றார் எவ்ஷென். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "எப்படிச் சொல்றதுன்னு தெரியல. மூணுல ஒரு பங்கு ஜனத்தொகை ஒரே நாள்ல போயிடுச்சு. பஞ்சம் வந்தாக்கூட, கொள்ளைநோய் வந்தாக்கூட ஒரு மொழிக்கு இப்படி ஒரு அடி விழாது."

"ஒரு ஆளு செத்திருக்காரு எவ்ஷென். புள்ளிவிவரம் இல்ல."

"அது சரி அண்ணி. அதைத்தான் சொல்ல வந்தேன். எங்க மொழியில சாவுக்கு வார்த்தை இல்ல."

"இல்லையா?"

"எதுவா இருந்தாலும் பேசுறவங்கள்ல ஒருத்தருக்கு அது நடந்தாத்தான் வார்த்தை செய்யணும்னு அவர்தானே விதி போட்டாரு. கண் எதிர்ல வச்சுத்தான் செய்யணும். கடலுக்கு வார்த்தை வேணும்னு பால்டிக் கரை வரைக்கும் பஸ்ல போனோம். விவாகரத்துக்கு இருக்கு, லுபோர் புண்ணியத்துல. இதுவரைக்கும் யாரும் சாகல."

"நாய் செத்துச்சு," என்றான் லுபோர்.

"நாய் உல்மெ பேசல லுபோர். அன்னிக்கே முடிவு பண்ணதுதானே."

லிபுஷெ இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஷூப் பையின் காதை அவள் விரல் முறுக்கிக்கொண்டிருந்தது.

"இப்ப செத்தாச்சு," என்றாள். "உள்ளதான் படுத்திருக்காரு. போயி சுத்தி உக்காந்து நல்லதா ஒண்ணு செஞ்சுக்கங்க. என் புருஷன் சாவு உங்களுக்கு ஒரு அகராதிச் சொல்லு, அப்படித்தானே? அடுத்தது யாரு, விதவைக்கு ஒரு வார்த்தை வேணும்னு என்னையும் நடுவுல நிக்க வைப்பீங்களா?"

"அய்யோ அண்ணி, அதுக்கு வரல." எவ்ஷெனுடைய காது சிவந்துவிட்டது. "நாங்களே பேசி முடிவு பண்ணிட்டோம், அந்த வார்த்தையைச் செய்யப் போறதில்ல. சத்தியமா. வேற ஒண்ணு கேக்க வந்தோம்." கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்தார். "போறவங்களுக்கு இருக்கிறவங்க சொல்றது ஒண்ணு இருக்கு. ஒரே வார்த்தை. நாங்க சொல்லலாம், ஆனா நாங்க அவர் வீட்டு ஆளுங்க இல்ல. வாசலுக்கு உரியவங்கதான் சொல்லணும். உங்களுக்குத் தெரியாதுன்னு தெரியும். அதான் படிக்கிற மாதிரி எழுதிட்டு வந்தோம்."

"சொல்லாட்டி?"

எவ்ஷென் தொப்பியைச் சுற்றினார். லுபோர்தான் பதில் சொன்னான்.

"சொல்லாட்டி போகமாட்டாங்க. நிப்பாங்க."

"நிக்கட்டும்," என்றாள் லிபுஷெ. "அந்த மனுஷனுக்கு நின்னு பழக்கம்தான்."

அட்டையை வாங்கினாள். படிக்கவில்லை. நான்காக மடித்து ஊழியரிடம் கொடுத்து, இதற்கு ரப்பர் அடி இல்லை, வேண்டுமானால் எரித்துக்கொள்ளுங்கள் என்றாள். பிறகு எவ்ஷெனை நேராகப் பார்த்தாள்.

"உள்ள வாங்க, உக்காருங்க, பூ வைங்க. ஆனா உல்மெயில ஒரு எழுத்து என் காதுல விழக் கூடாது. இன்னிக்கு ஒரு நாளாவது அவர் என் புருஷனா மட்டும் இருக்கட்டும். மத்த நாளெல்லாம் உங்களுக்குத்தானே குடுத்தேன்."

*

மண்டபத்தில் பேச்சாளர் பேசினார். அவரைக் கூலிக்குத்தான் அமர்த்தியிருந்தது. பாதிரியார் வேண்டாம் என்கிறவர்களுக்கு இப்படி ஒருவர் உண்டு. நல்ல கனமான குரல். இறந்தவர் எளிமையானவர் என்றார். கடமை தவறாதவர் என்றார். இயற்கையை நேசித்தவர் என்றார்.

லிபுஷெக்கு மூக்கு விடைத்தது. ஹினெக் இயற்கையை நேசித்ததே இல்லை. ஒரு கொசுவுக்காக ஜூலை ஆகஸ்ட் வெக்கையிலும் ஜன்னலை மூடிவைக்கும் ஆள். புல்லில் உட்கார்ந்தால் அரிக்கும் என்பார். அவர் நேசித்தது என்ன என்று அந்தப் பேச்சாளர் தொலைபேசியில் கேட்டபோது, யாரோ ஒருத்தி "எழுதிக்கங்க, இயற்கை" என்று சொல்லியிருக்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் அது லிபுஷெதான். வேறு என்ன சொல்வது. இல்லாத பள்ளத்தாக்கை நேசித்தவர் என்று சொல்லச் சொல்லவா முடியும், பக்கத்து வீட்டுக்காரர்கள் இருக்கும்போது.

முன் வரிசையில் உட்கார்ந்து, மடியில் ஷூப் பையோடு, அவள் பெட்டியைப் பார்த்தாள். உள்ளே சாக்ஸோடு படுத்திருந்தார்.

ஆஸ்பத்திரியிலும் சாக்ஸ்தான். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தபோது செக் மொழி இருந்த பக்கம் நனைந்துபோய்விட்டது என்பதுபோல டாக்டர் விளக்கினார். அம்மா சொல்லிக்கொடுத்த மொழி, அலுவலக மொழி, லிபுஷெயைக் கல்யாணத்துக்குக் கேட்ட மொழி, எல்லாம் ஒரே நாளில் போனது. இன்னொரு மொழி மட்டும் நனையாமல் நின்றது. அது ஏன் நின்றது என்று டாக்டருக்குத் தெரியவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. நர்ஸுகளுக்குள் அந்த மூலைக் கட்டிலில் இருப்பவர் வெளிநாட்டுக்காரர் என்று பேச்சாகிவிட்டது. ஹங்கேரி என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி துருக்கி என்றாள்.

"என்னமோ கேக்கறாருங்க. ஒண்ணும் புரியல," என்றாள் வார்டு நர்ஸ்.

"ஜன்னலைச் சாத்தச் சொல்றாரு," என்றாள் லிபுஷெ, தலையை நிமிர்த்தாமல். "சாத்திட்டு தலைகாணியைத் திருப்பிப் போடுங்க. சூடா இருக்காம். அந்த மஞ்சத் தண்ணியை எடுத்துட்டுப் போகச் சொல்றாரு, அது டீ இல்லையாம்."

"உங்களுக்கு அந்த பாஷை தெரியுமா?"

"பாஷை எங்க தெரியும். முப்பது வருஷம் குடும்பம் நடத்துனவளுக்கு மூஞ்சியைப் பாத்தா தெரியாதா?"

நர்ஸ் தலையாட்டினாள். முகத்தைப் பார்த்தே அது டீ இல்லை என்பதுவரை கண்டுபிடிக்கும் மனைவிகள் அபூர்வம்தான்.

கடைசி நாளுக்கு முந்தின மதியம் ஹினெக் எழுந்து உட்கார்ந்தார். யாரும் எதிர்பார்க்கவில்லை. போர்வையைத் தள்ளி, காலைக் கட்டிலுக்குக் கீழே இறக்கி, பாதத்தால் தரையைத் துழாவினார். ஷூ இல்லை. பரவாயில்லை என்று விட்டதுபோல் இருந்தது. அறைக் கதவின் பக்கம் திரும்பி, கையைத் தொங்கவிட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்தார். பேசவில்லை. லிபுஷெயைப் பார்த்தார்.

லிபுஷெ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"படுங்க," என்றாள். "இன்னிக்கு வியாழக்கிழமை இல்ல. குப்பை ஒண்ணும் இல்ல."

அவர் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு படுத்தார். மறுநாள் காலையில் அவள் கீழே காப்பி வாங்கிக்கொண்டு திரும்பும்போது கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள்.

போகிறவன் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான் என்று அவளுக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் போகிறவர் சொல்லிக்கொள்வதில்லை என்பது வேறு விஷயம்.

பேச்சாளர் முடித்துவிட்டு வயலினைப் போடச் சொல்லித் தலையசைத்தார். ஒலிபெருக்கியில் இசை வந்தது. எல்லாரும் எழுந்தார்கள். சிவப்பு வெல்வெட் திரை இரண்டு பக்கமிருந்தும் பெட்டியை நோக்கி நகர ஆரம்பித்தது. லிபுஷெ திரும்பிப் பார்த்தாள். எவ்ஷெனும் லுபோரும் பின்வரிசையில் தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் சொன்னபடி வாயை இறுக மூடியிருந்தார்கள். எவ்ஷெனின் கன்னம் மட்டும் ஏதோ பெரிய மிட்டாயை அடக்கியதுபோல் அசைந்தது. இருவரும் பெட்டியைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்கள்.

அவள் திரையைப் பார்க்கத் திரும்பினாள். இரண்டு பாதியும் சேர்ந்துவிட்டிருந்தன.

ஜெயித்தாகிவிட்டது. மண்டபத்தில் ஓர் எழுத்து விழவில்லை.

*

வீட்டில் யார்மிலா ரொட்டித் தட்டுகளைச் சுற்றவிட்டாள். பிளம் சாராயம் சின்னக் கிண்ணங்களில் இரண்டு சுற்று வந்தது. நில அளவை அலுவலகத்துக்காரர்கள் ஹினெக் போட்ட கோடு ஒருநாளும் கோணியதில்லை என்றார்கள். மூன்றாம் மாடி விதவை, அழகான பேச்சு, இயற்கை மேல அவருக்கு அவ்வளவு ஆசையா, எனக்குத் தெரியவே தெரியாதே என்றாள்.

"யாருக்குமே தெரியாது," என்றாள் லிபுஷெ.

எவ்ஷெனும் லுபோரும் அலமாரிப் பக்கம் ஒரே நாற்காலியைப் பகிர்ந்துகொண்டதுபோல் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் அகராதிகள் இருந்தன. செக்கில் எதைப் பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. லுபோர் ஊறுகாய் வெள்ளரியைப் புகழ்ந்தான். எவ்ஷென் அதை ஆமோதித்தார். அத்தோடு நின்றது.

வெளிச்சம் மங்கியதும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கட்டிப்பிடித்து, கையைக் குலுக்கி, தைரியமா இரு என்று சொல்லிப் படியிறங்கினார்கள். கடைசியாக அவர்கள் இருவரும் எழுந்தார்கள். கோட்டைப் போட்டார்கள். வாசலில் குனிந்து, மூச்சு வாங்க, ஷூவை மாட்டினார்கள். கதவைத் திறந்தார்கள்.

நின்றார்கள்.

லிபுஷெ நடையில் நின்றிருந்தாள். அவர்கள் பேசவில்லை. எவ்ஷெனின் பெரிய கைகள் தொங்கின. லுபோரின் தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது. இந்த வீட்டிலிருந்து கிளம்பும்போதெல்லாம் அவர்கள் இப்படித்தான் நிற்பார்கள். மழை பெய்யும் வியாழக்கிழமைகளில் கூட்டம் இங்கேதான். முடியும்போது ஹினெக் கதவைப் பிடித்துக்கொண்டு அவர்களுக்கு அதைச் சொல்வார், மெதுவாக, முதல் எழுத்தில் கொஞ்சம் தங்கி. லிபுஷெ உள்ளே பாத்திரம் தேய்த்தபடி, ஏய் நாடகக் கொட்டகை, குளிர் வருது, கதவைச் சாத்துங்க என்று கத்துவாள்.

"என்ன?" என்றாள் இப்போது.

கதவை நோக்கி ஓர் அடி வைத்தாள்.

"எதுக்கு நிக்கிறீங்க? பிஸ்கட் வேணுமா?"

யார்மிலா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணி, ஏதாவது விட்டுட்டாங்களா?"

"ஒண்ணும் விடல. மரியாதை கத்துக் குடுக்கறாங்க எனக்கு. என் வீட்டு வாசல்ல நின்னு. என் புருஷனை எரிச்ச அன்னிக்கு." அவள் குரல் உயர்ந்தது. "ஒருத்தர் முப்பது வருஷம் இப்படி நின்னு என் உயிரை வாங்கினாரு. இப்ப ரெண்டு பேரா? நான் என்ன சொன்னேன் உங்ககிட்ட? ஒரு எழுத்து கூடாதுன்னு சொன்னேன்ல?"

அவர்கள் ஓர் எழுத்தும் சொல்லவில்லை என்பது அவளுக்கே தெரிந்தது. அதனால் ஆத்திரம் இன்னும் கூடியது.

படிக்கட்டு விளக்கு அணைந்தது. இருட்டில் இரண்டு உருவங்கள், ஒன்று அகலமாக, ஒன்று ஒல்லியாக. லுபோர் கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினான். மறுபடி வெளிச்சத்தில் நின்றார்கள். எவ்ஷெனின் கண்ணில் தண்ணீர் நின்றது. அவர் அதைத் துடைக்கவில்லை. துடைத்தால் அசைந்ததாகிவிடுமோ என்னவோ.

லிபுஷெ எதையோ தேடுவதுபோல் சுற்றுமுற்றும் பார்த்தாள். கதவோரம் பை இருந்தது. முட்டை ஓடு, ஹாம் சுற்றிய தாள், யாரோ கடித்துவிட்டு வைத்த ரொட்டி.

"குப்பையை எடுத்துட்டுப் போங்க," என்றாள்.

எவ்ஷென் குனிந்து பையை எடுத்துக்கொண்டார். தலையை ஒருமுறை ஆட்டினார். இருவரும் இறங்கினார்கள். கனமான காலடி முன்னால், லேசான காலடி பின்னால். கீழே வெளிக்கதவு சாத்திக்கொண்டது.

"பாவம் அண்ணி," என்றாள் யார்மிலா. "என்னமோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போயிருப்பாங்க."

"உனக்கு பஸ் நேரம் ஆகலையா?"

யார்மிலாவுக்கு நேரம் ஆகிவிட்டிருந்தது. அவள் தங்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றாள் லிபுஷெ. மிச்ச ரொட்டியைப் பொட்டலம் கட்டி அவள் பையில் திணித்து அனுப்பினாள்.

பிறகு கிண்ணங்களைக் கழுவினாள். மேசையைத் துடைத்தாள். நாற்காலிகளை அதனதன் இடத்துக்கு இழுத்தாள். செய்ய வேறொன்றும் இல்லாமல் போனதும் நடைக்கு வந்தாள். ஷூப் பை கோட்டு மாட்டும் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதை எடுத்தாள். எல்லாம் விதிமுறை, என்று முனகினாள். ரப்பராம். புகையாம். முப்பது வருஷம் தேய்ச்சுத் தேய்ச்சு மினுக்கி வச்சிருக்கேன், சாக்ஸோட அனுப்பறாங்க. இயற்கையை நேசிச்சாராம். முனகிக்கொண்டே ஷூவை வெளியே எடுத்து வாசல் மிதியடி மேல் வைத்தாள். முதலில் சுவரைப் பார்க்க வைத்தாள், வழக்கமாக விடும் இடத்தில். பிறகு குனிந்து இரண்டையும் திருப்பினாள். மூக்கு படிக்கட்டைப் பார்த்தது.

கதவைத் திறந்தாள். வெளியே இருட்டாக இருந்தது. கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினாள். நான்கு மாடிக்கும் விளக்கு எரிந்தது. ஷூவின் பாலிஷில் வெளிச்சம் பளபளத்தது.

படியில் யாரும் வரவில்லை என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"தாஷெலூ," என்றாள். மெதுவாக, முதல் எழுத்தில் கொஞ்சம் தங்கி.

குளிர் உள்ளே வந்தது. அவள் கதவைச் சாத்தவில்லை. விளக்கு அணைந்தபோது மறுபடி பொத்தானை அழுத்தினாள். நான்கு மாடி இறங்க அவருக்கு எப்போதும் நேரமாகும்.